படம் வந்தது, ஊர் வரவில்லை

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரு குற்றச்சாட்டு ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. “ஊரில் சனத்துக்கு இப்போது என்ன குறை? சனி, ஞாயிறு வந்தால் போதும், வான் பிடித்துக்கொண்டு கசூரினாவுக்கும் நெடுந்தீவுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். நாங்கள் குளிரில் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு அங்கே கடற்கரையில் கரைகிறது” என்பது அதன் சாரம். ரொறன்ரோ, இலண்டன், சூரிச், ஒஸ்லோ என்று எந்த நகரத்துக் கலியாண வீட்டுக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். ஆதாரம் கேட்டால் உடனே கைத்தொலைபேசியை நீட்டுவார்கள். அதிலே இருபது முப்பது படங்கள். கடல், மணல், கறுப்புக் கண்ணாடி, கையிலே ஐஸ்கிறீம், எல்லார் முகத்திலும் சிரிப்பு.

ஊரில் உள்ளவர்களிடமும் எதிர்க் குற்றச்சாட்டு ஒன்று தயாராக இருக்கிறது. “படம் அனுப்பினால் உல்லாசம் என்கிறார்கள். அனுப்பாவிட்டால் எங்களை மறந்துவிட்டீர்கள் என்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்வது?”

இரு தரப்பாரின் முறைப்பாட்டையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருபவன் என்ற முறையில், என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஊர் பார்க்கப் போவது குற்றமில்லை, போகத்தான் வேண்டும். போனதைத் தொலைவில் உள்ள உறவுகளுக்குத் தெரிவிப்பதும் குற்றமில்லை, தெரிவிக்கத்தான் வேண்டும். ஆனால் போன கதையைச் சொல்லாமல் படத்தை மட்டும் தட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோமே, அதுதான் குற்றம். முதலில் அது சோம்பலாகத் தொடங்குகிறது. பிறகு அதுவே பொய்யாக முடிகிறது.

பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பையனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. குறிப்பு இல்லாத படத்தை அச்சுக்கு அனுப்பாதே. படத்தில் நிற்பவர் யார், இடம் எது, நாள் எது, ஏன் அங்கே நின்றார் என்பது தெரியாவிட்டால் அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேசையிலேயே கிடக்கும். ஏனென்றால் குறிப்பு இல்லாத படத்துக்குப் பார்ப்பவரே தம் மனம்போலக் குறிப்பு எழுதிக்கொள்வார். ரொறன்ரோவில் இருப்பவர் ‘உல்லாசம்’ என்று எழுதிக்கொண்டது அப்படித்தான். குற்றம் அவருடையது மட்டுமில்லை. குறிப்பை எழுதாமல் விட்டவருக்கும் அதில் பங்கு உண்டு.

போக முடியாதிருந்த காலம்

முதலில் ‘உல்லாசம்’ என்று சொல்பவர்களுக்குச் சில ஆண்டுகளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாண மாவட்டம் தீவுகளையும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் சதுரக் கிலோமீற்றர்தான். யாழ். நகரிலிருந்து கீரிமலைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். சைக்கிளில் புறப்பட்டால் கேணியில் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அந்த இருபது கிலோமீற்றரை ஒரு தலைமுறை கடக்க முடியாமல் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றது. 1956இல் ஓடத் தொடங்கிய ‘யாழ்தேவி’ அதன் பின்னர் குடாநாட்டுக்குள் வரவில்லை. மின்சாரம் போயிற்று. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை வந்தது. வலிகாமம் வடக்கில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் உடுத்த உடையோடு புறப்பட்டது. 1990க்கும் 1991க்கும் இடையில் தீவகம் படையினர் வசமாகவும், குடாநாட்டின் பெரும்பகுதி புலிகள் வசமாகவும் பிரிந்துபோயிற்று. பண்ணைத் தாம்போதியின் ஒரு கரையில் நிற்பவருக்கு மறு கரை வேறு நாடாயிற்று.

குடாநாட்டை விட்டு வெளியேறுவதென்றால் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டும். அந்த நீரில் கொல்லப்பட்டவர்கள் பலர். அதற்கு முன்னரே புலிகளிடம் ‘பாஸ்’ எடுக்க வேண்டும். அதற்குப் பிணை வைக்க வேண்டும். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. 1996இல் திரும்பி வந்தவர்களுக்குக் காத்திருந்தவை இராணுவச் சோதனைச் சாவடிகளும் இரவு ஊரடங்கும். கொழும்புக்குப் போகக் கப்பலோ விமானமோ. எதுவானாலும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடப்பட்டது. போர் 2009 மே மாதத்தில் முடிந்த பின்னர்தான் அது படிப்படியாகத் திறந்தது. ரயில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது 2014 ஒக்ரோபரில். காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில்.

இருபத்தைந்து ஆண்டுகள். 1990இல் பிறந்த குழந்தை காங்கேசன்துறை ரயிலில் ஏறியபோது அதற்குக் கலியாண வயது வந்துவிட்டது.

அந்தப் பிள்ளை இன்று தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கசூரினாவுக்குப் போகிறது. பொன்னாலைத் தாம்போதியில் வானை யாரும் மறிக்கவில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை. ‘எங்கே போகிறாய், ஏன் போகிறாய்’ என்று எந்த மொழியிலும் எவரும் அதட்டவில்லை. கடலில் இறங்கிக் கால் நனைத்துவிட்டுப் பொழுதுபட வீடு திரும்புகிறது. இதை உல்லாசம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பறிக்கப்பட்டிருந்த ஒரு சாதாரண உரிமை திரும்பக் கிடைத்திருக்கிறது, அதை அனுபவிக்கிறார்கள். ஒரு நாள் வான் கூலிக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படம் எதைச் சொல்லவில்லை?

இனி ஊரில் உள்ளவர்களிடம் வருகிறேன்.

இவ்வளவு பட்டுத்தானே அந்தக் கடற்கரைக்குப் போனீர்கள்? அப்படியானால் அதை ஏன் சொல்லவில்லை? நீங்கள் அனுப்பிய முப்பது படங்களில் அது எங்கே இருக்கிறது?

கீரிமலையை எடுத்துக்கொள்வோம். ஆடி அமாவாசைக்குத் தந்தையை இழந்தவர்கள் தீர்த்தமாடும் துறை. கேணிப் படிக்கட்டில் நின்று எடுத்த படம் அழகாகத்தான் இருக்கிறது. பின்னால் நகுலேஸ்வரத்தின் கோபுரம் தெரிகிறது. அந்தக் கோயில் 1990இல் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று என்பதும், பின்னர் நெடுங்காலம் பக்தர்கள் நினைத்த நேரம் போக முடியாத இடமாக இருந்தது என்பதும் படத்தில் இல்லை. போகும் வழியில் இடிந்த சுவர்களுக்குள் ஆலும் வேம்பும் முளைத்து நிற்கும் வீடுகள் படத்தில் இல்லை. கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் நண்பரது வீடும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். வானை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்து, ‘கூரை இல்லை, கிணறு இருக்கிறது, முற்றத்து மா நிற்கிறது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த முதியவருக்கு அது முப்பது படத்துக்குச் சமம்.

காங்கேசன்துறைக் கடற்கரையில் போர் முடிந்த பின்னர் இராணுவம் நடத்தத் தொடங்கிய ‘தல்செவன’ விடுதி இருக்கிறது. அங்கே தேநீர் குடித்துப் படம் எடுத்து அனுப்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். தேநீர் குடித்ததற்காக யாரையும் ஏச மாட்டேன். ஆனால் அந்த விடுதி அமைந்த பின்னரும் பல ஆண்டுகளாக, அந்தப் பகுதி மக்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களின் ஓலைக் குடிசைகளில் கிடந்தார்கள் என்ற ஒரு வசனத்தைத் தேநீரோடு சேர்த்து அனுப்பியிருக்கலாமே! மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பியது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து வலை வீசப் போன மனிதர்களின் துறை அது. அங்கே போய் மீன் வாங்கியவர்கள் மீனை மட்டுந்தானா படம் எடுப்பது?

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகு ஏறுகிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். முருகைக்கல் வேலி, பெருக்க மரம், கட்டாக்காலிக் குதிரைகள், பழைய கோட்டை என்று படங்கள் வரிசையாக வந்து விழும். இதே கடற்பாதையில் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகு மறிக்கப்பட்டு, அதிலே பயணம் செய்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவில் இறங்குதுறைக்கு அண்மையிலேயே நினைவுத்தூபி இருக்கிறது. குதிரையோடு நின்று பத்துப் படம் எடுத்தவர்கள் அந்தத் தூபியின் முன்னால் அரை நிமிடம் நின்றார்களா? நின்றிருந்தால் அதைச் சொன்னார்களா? நோர்வேயில் பிறந்த பேரப்பிள்ளைக்கு நெடுந்தீவு என்றால் குதிரை என்று மட்டும் தெரிந்தால் போதுமா?

வடமராட்சி கிழக்குக் கடற்கரையும் அப்படியே. மணற்காட்டில் மணல் மேடுகளுக்கிடையே புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் முன் நின்று படம் எடுக்காதவர்கள் இன்று குறைவு. அதே கரையில் இன்னும் தெற்கே போனால் உடுத்துறையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனவர்களின் நினைவிடம் இருக்கிறது. வான் அது வரை போவதில்லை. மணல் மேடு படத்துக்கு நல்லது. நினைவிடம் படத்துக்கு நல்லதில்லை. எங்கே போவது, எதைப் பார்ப்பது என்பதைக்கூட இப்போது படமே தீர்மானிக்கிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தொலைவில் இருப்பவர் தீர விசாரிக்க முடியாது. அவருக்காக விசாரிக்க வேண்டியவர் அந்த இடத்தில் நிற்பவர்தான்.

நீலக் கடிதம்

தொலைவில் குடும்பம் இருப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. 1983க்குப் பிறகு வந்த வழக்கமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நம்மவர்கள் மலாயாவுக்கு ரயில்வே எழுதுவினைஞர்களாகவும் அரச ஊழியர்களாகவும் கப்பலேறினார்கள். சம்பளம் காசுக்கட்டளையாக வந்தது. ஊரின் சேதி கடிதமாகப் போயிற்று. பிறகு விமானக் கடிதம் வந்தது. வெளிர் நீலத் தாள். மடித்து ஒட்டினால் அதுவே உறை. இளையவர்கள் அறிந்திருக்க நியாயமில்லாத ஒரு செய்தி: அந்தக் கடிதத்துக்குள் வேறு எதையும் வைத்து அனுப்ப அஞ்சல் விதி இடந்தரவில்லை. படம் வைக்க முடியாது. ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த ஒற்றைத் தாளில் ஊரே ஏறிப் போயிற்று. செல்வச்சந்நிதித் தேருக்குப் போனோம் என்று தொடங்கினால், யார் யார் போனார்கள், மாட்டு வண்டியா பஸ்ஸா, தொண்டைமானாற்றில் தண்ணீர் எவ்வளவு, மடத்தில் சாப்பாட்டுக்கு என்ன கறி, வழியில் கண்ட சின்னத்தம்பி மாஸ்ரர் யாரை விசாரித்தார், திரும்பும்போது எந்த இடத்தில் மழை பிடித்தது என்று எல்லாம் வரும். இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காகவும் எழுதுவார்கள். எழுதியவர்கள் புலவர்கள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஆச்சிமாரும் அதில் இருந்தார்கள். கோலாலம்பூரில் அதைப் படித்தவருக்குச் சந்நிதி தெரிந்தது, சனமும் தெரிந்தது.

இன்று ஒரு நொடியில், ஒரு சதம் செலவில்லாமல், ஆயிரம் கடிதத்துக்கு இடமுள்ள கருவி நம் கையில் இருக்கிறது. நாம் அனுப்புவது என்ன? படமும், அதன் கீழே ஒரு மஞ்சள் சிரிப்பு முகமும்.

நயாகராவும் கசூரினாவும்

இத்தனையும் ஊரில் உள்ளவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் ஓரவஞ்சகன் ஆவேன். வெளிநாட்டில் உள்ளவர்கள் அனுப்புவதும் இதே படந்தானே?

ரொறன்ரோவுக்கு யார் போனாலும் ஒரு சனிக்கிழமை நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே எடுத்த படம் அன்றிரவே கரவெட்டிக்கும் கொக்குவிலுக்கும் வந்துவிடும். இலண்டனில் இருந்து பாலத்தின் படம். சுவிஸிலிருந்து பனிமலையின் படம். அந்த ஒரு சனிக்கிழமைக்காக எத்தனை இரவு வேலை செய்யப்பட்டது என்று எவரும் எழுதுவதில்லை. வீட்டுக் கடன், பிள்ளை வளர்ப்புச் செலவு, நிலவறையில் வாடகைக்கு இருந்த ஆண்டுகள், வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த காலம் எதுவும் படத்தில் இல்லை. கேட்டால், ‘வீட்டாரைக் கவலைப்படுத்தக் கூடாது’ என்பார்கள்.

அதன் விளைவைப் பாருங்கள். நயாகராவைப் பார்த்து ஊரில் உள்ளவர் அங்கே சொர்க்கம் என்று நினைக்கிறார். கசூரினாவைப் பார்த்து அங்கே உள்ளவர் இங்கே சொர்க்கம் என்று நினைக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ‘உனக்கென்ன’ என்று கேட்கிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கிடையில் கசப்பு வளர்வதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கசப்போடு போனால் பரவாயில்லை. உயிரும் இதில் இருக்கிறது. 2010இல் ‘சன் சீ’ என்னும் கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் கரையை அடைந்தார்கள். அவர்கள் போரின் வாயிலிருந்து தப்பியவர்கள். 2022 நவம்பரில் கனடாவுக்குப் போகலாம் என்ற நம்பிக்கையில் புறப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர் நடுக்கடலில் தத்தளித்து, மீட்கப்பட்டு, வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் நம்மவர்கள். அந்த ஆண்டு நாடு வங்குரோத்தாகி எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றது உண்மை. படம் பார்த்துத்தான் புறப்பட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முகவருக்குப் பல இலட்சங்களை எண்ணிக் கொடுக்கும் இளைஞனின் மனத்தில் நயாகராப் படத்துக்கு ஓர் இடம் இல்லை என்று எவராவது சத்தியம் செய்வார்களா? அவனுக்கு யாராவது ஒருவர், ‘தம்பி, இந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன், இதற்கு முந்திய ஆறு நாளும் நான் சிரிக்கவில்லை’ என்று எழுதியிருக்கலாம்.

புத்தளத்தில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரே

தொலைவில் உள்ள குடும்பம் என்றவுடன் நம் மனம் கடல் தாண்டிப் போய்விடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில் புத்தளம் இருக்கிறது. அங்கே யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி புலிகளின் கட்டளைப்படி, சில மணி நேர அவகாசத்தில் யாழ். நகரின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து அதே திகதியில் வலிகாமத்துத் தமிழர்கள் இடம்பெயர்ந்தார்கள். போருக்குப் பிறகு சில குடும்பங்கள் சோனகதெருவுக்குத் திரும்பியிருக்கின்றன. திரும்பாதவர்களே அதிகம்.

ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் எத்தனை முறை போகிறோம்? நம்மோடு ஒரே வகுப்பில் படித்து, இன்று புத்தளத்தில் இருக்கும் பழைய நண்பனுக்கு ‘உன் தெருவால் போனேன், உன் வீட்டுச் சுவர் இன்னும் நிற்கிறது’ என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? கனடாவில் உள்ளவருக்குப் படமாவது போகிறது. புத்தளத்தில் உள்ளவருக்கு அதுவும் இல்லை. நம் வீடுகளின் கதையைச் சொல் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்குமானால், மற்றவர் வீட்டின் கதையைச் சொல்லும் கடமையும் நமக்கு இருக்கிறது.

சொல்லப்படும் சாட்டுகள்

இதற்கெல்லாம் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

நேரமில்லை என்பார்கள். முப்பது படம் எடுத்து, அவற்றில் முகம் நன்றாக விழுந்ததைத் தெரிந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்ப நேரம் இருக்கிறது. பத்து வரி எழுத நேரமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பார்கள். உண்மைதான். அப்படியானால் பேசி அனுப்புங்கள். எண்பதுகளில் ஒலிநாடாவில் பேசி அனுப்பினோமே, அதைவிட இன்று எளிது. கீரிமலைக் கேணியின் படியில் இருந்துகொண்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். பின்னால் கடலின் இரைச்சலும், கச்சான் விற்பவரின் குரலும், ‘தண்ணிக்குள்ளே தூரம் போகாதை’ என்று தாய் அதட்டுவதும் கேட்கட்டும். வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கு அந்த யாழ்ப்பாணத் தமிழ் வேறு எந்த வழியில் கிடைக்கப்போகிறது?

சந்தோசமாகப் போன இடத்தில் துக்கத்தை ஏன் கிளறுவான் என்பார்கள். துக்கத்தை மட்டும் எழுதச் சொல்லவில்லை. கடல் குளிர்ந்ததா, நண்டுக் கறி உறைத்ததா, சின்னவன் முதன்முதலாகப் படகில் ஏறிப் பயந்தானா, எல்லாவற்றையும் எழுதுங்கள். வான் கூலி எவ்வளவு, யார் கொடுத்தார் என்பதையும் எழுதினால் ‘எங்கள் காசு கரைகிறது’ என்ற பேச்சு பாதி அடங்கும். மூன்று குடும்பம் சேர்ந்து சீட்டுக் கட்டுவதுபோலச் சேர்த்துப் போன பயணம் என்று தெரிந்தால், காசு அனுப்பியவருக்குக் கோபம் வராது. கூட வர முடியவில்லையே என்ற ஏக்கந்தான் வரும். சந்தோசத்தையும் துக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கும் ஊர் இது. ஒன்றை மட்டும் வெட்டி அனுப்பினால் அது வேறு ஏதோ ஊர்.

அரசியல் எங்களுக்கு எதற்கு என்பார்கள் சிலர். மாமாவின் வீடு இடிந்து கிடக்கிறது என்று மாமாவுக்குச் சொல்வது அரசியல் என்றால், பிறகு குடும்பத்தில் பேசுவதற்கு என்னதான் மிச்சம்?

படம் பிடிக்கத் தடை

2025 ஏப்ரலில் வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிச் சந்தி நோக்கிச் செல்லும் வீதி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பொதுமக்களின் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. பலர் அந்த வார விடுமுறையிலேயே வாகனம் எடுத்துக்கொண்டு அந்த வீதியால் போய்வந்தார்கள். எந்தக் கடற்கரைக்கும் போவதற்காக இல்லை. ஒரு வீதியைப் பார்ப்பதற்காக! உலகத்தில் வேறு எங்கே மக்கள் தங்கள் சொந்த ஊர் வீதியைப் பார்ப்பதைச் சுற்றுலாவாகப் போகிறார்கள்?

அந்த வீதி திறக்கப்பட்டபோது சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. நடந்து போகக் கூடாது. இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது. படம் பிடிக்கக் கூடாது.

படம் பிடிக்கத் தடை என்றால் நம்மவர்களில் பலருக்கு அனுப்ப ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுகிறது. போய்வந்த ஒருவரிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். “படம் எடுக்க விடவில்லை, ஐயா” என்றார். அவர் கண்ணை யாரும் கட்டவில்லை. வாயையும் கட்டவில்லை. இடப்புறம் என்ன நின்றது, வலப்புறம் என்ன நின்றது, எந்தக் கோயிலின் தூண் தெரிந்தது, எந்த ஒழுங்கை மூடிக் கிடந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். பாரிஸில் இருக்கும் ஒரு பலாலிக்காரர் அந்தச் சொற்களைக் கொண்டு தன் வீட்டை மனத்தில் தேடிக் கண்டுபிடித்திருப்பார். ஆனால் கமராவுக்குள் போகாததைக் கண்டதாகவே எண்ணாத பழக்கம் நமக்கு வந்துவிட்டது. தடைப் பலகை வைத்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் படத்தைத்தான் தடுத்தார்கள். பேச்சைத் தடுத்தது நாம்.

வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்களில் பலர் வயதானவர்கள், பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பலர் இறந்துவிட்டார்கள். உறுதியும் வரைபடமும் பெட்டிக்குள் இருக்கலாம். எல்லை எது, வேலி எங்கே ஓடியது, பொதுக் கிணற்றுக்குப் பாதை எந்தப் பக்கம் என்பது மனிதர்களின் நினைவில்தான் இருக்கிறது. அந்த நினைவு பேசப் பேசத்தான் நிலைக்கும். ஊருக்குப் போன ஒருவர் கண்டதைச் சொல்ல, தொலைவில் உள்ள ஒருவர் ‘இல்லை, அது எங்கள் வளவு இல்லை; அதற்கு அடுத்தது’ என்று திருத்த, அப்படித்தான் ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்குக் காணி கைமாறும். காகிதத்தில் கைமாறுவது பிறகுதான்.

ஆகவே ஊரில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். கசூரினாவுக்குப் போங்கள், சாட்டிக்குப் போங்கள், நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள், வல்லிபுரத்தாழ்வாரைக் கும்பிடுங்கள். யாருடைய ஏச்சுக்கும் அஞ்சாதீர்கள். படமும் எடுங்கள். ஆனால் வீடு திரும்பியதும் அரை மணி நேரம் ஒதுக்கி, போன கதையை முதலிலிருந்து முடிவு வரை எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பேசி அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. படம் வந்தவுடன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். வான் கூலியைக் கணக்குப் பார்க்கவும் வேண்டாம். ‘பிறகு என்ன நடந்தது? வழியில் யாரைக் கண்டீர்கள்? எங்கள் ஒழுங்கையால் போனீர்களா?’ என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் சொல்வதற்கு ஆள் வரும். கேட்டுவிட்டு, நயாகராவுக்குப் போன கதையை நீங்களும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமையை மட்டுமில்லாமல், அதற்கு முந்திய ஆறு நாளையும் சேர்த்து.